விசையை அழுத்துவதா கலை?

ஓவியனுக்குப் பயிற்சி வேண்டும். சிற்பிக்குப் பொறுமை வேண்டும். புகைப்படம் எடுப்பவனுக்கோ நல்ல கருவியும் நல்வாய்ப்பும் இருந்தால் போதும் என்று கூறுவோர் உளர். இக்கூற்று இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1888இல் கோடாக் நிறுவனம், நூறு படங்கள் எடுக்கத்தக்க சுருளுடன் தன் கருவியை விற்கத் தொடங்கியது. விசையை அழுத்துவது மட்டுமே வாங்குவோர் வேலை. மற்றவற்றை நிறுவனமே பார்த்துக்கொள்ளும் என்று விளம்பரமும் செய்தது. வணிகத்திற்கு அது நல்ல விளம்பரம். ஆனால், கலைக்கு அதுவே இலக்கணம் ஆகிவிடுமா?

ஆகாது என்பதற்கு ஆல்ஃபிரட் ஸ்டீகிலிட்ஸ் சான்று. 1893 பிப்ரவரி 22ஆம் நாள் நியூயார்க் நகரைப் பனிப்புயல் தாக்கியது. ஐந்தாம் அவென்யூவில் அவர் மூன்று மணி நேரம் நின்றார். அவரிடம் இருந்ததும் கையில் ஏந்தும் கருவியே. விசையை அழுத்துவதுதான் கலையென்றால் முதல் நிமிடத்திலேயே அழுத்திவிட்டு வீடு திரும்பியிருக்கலாம். அவரோ, பனியைக் கிழித்துக்கொண்டு வரும் குதிரைவண்டியும் தெருவும் ஒன்றாய் இசையும் கணத்திற்காகக் காத்திருந்தார். பின்னரும், நெகடிவில் தமக்கு வேண்டிய பகுதியை மட்டுமே தேர்ந்து அச்சிட்டார். காத்திருப்பதும் கலை, களைவதும் கலை.

"அப்படியாயின், சில படங்கள் நொடிப்பொழுதில் அமைந்துவிடுகின்றனவே!" என்று அவர்கள் மடக்குவர். ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் சிற்றூரில் எடுத்த நிலவுதயப் படத்தையே அதற்குச் சான்றாகவும் காட்டுவர். காரில் சென்றவர், கல்லறைச் சிலுவைகளின்மீது மாலை வெயில் படிந்திருக்கக் கண்டார். அவசரத்தில் ஒளிமானி அகப்படவில்லை. நிலவின் ஒளியளவு நினைவில் இருந்ததால் அதைக் கொண்டே கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படம் எடுப்பதற்குள் வெயில் மறைந்துவிட்டது.

அந்நிலவைக் கண்டது வாய்ப்பு எனலாம், மறுப்பதற்கில்லை. அதன் ஒளியளவை அறிந்திருந்ததும் வாய்ப்புத்தானா? 1916இல், பதினான்கு வயதில், யோசெமிட்டி பள்ளத்தாக்கில் எளிய கோடாக் கருவியொன்றுடன் தொடங்கிய இருபத்தைந்து ஆண்டு உழைப்பல்லவா அந்த ஒரு நொடியில் துணைநின்றது! அதன் பின்னும் அவர் ஓய்ந்தாரா? 1948இல் நெகடிவின் கீழ்ப்பகுதியை வேதிக்கரைசலால் வலுவூட்டினார். பல பத்தாண்டுகள் அதே படத்தைத் திரும்பத் திரும்ப அச்சிட்டு, வானத்தின் கருமையை மாற்றி மாற்றித் திருத்தினார்.

இன்று கைப்பேசி வைத்திருப்போர் யாவரிடமும் கருவி உண்டு. நூறு படங்கள் எடுத்தால் ஒன்றாவது தேறாதா என்பது இன்றைய வாதம். தேறலாம், ஆனால், தேறிய அந்த ஒன்றை இனங்காணும் கண் எந்தக் கடையில் கிடைக்கும்? கருவி மலிந்துவிட்டது, பொறுமை மலியவில்லை. வாய்ப்பு எல்லார் முன்னும் வந்து நிற்கிறது. ஆயத்தமாய் இருப்பவனுக்கே அது படமாகிறது. மற்றவனுக்கு வெறுங்காட்சியாய்க் கழிந்துபோகிறது.