நாலு உள்ளங்கை இடம்

இந்த முறை அடுக்களையை விட்டுக் கொஞ்சம் வெளியே வரப்போகிறேன். கார் டயரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் எங்கள் வீட்டில் ஒரே சிரிப்பு! "உனக்கு டயரைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் என் வீட்டுக்காரர். ஒரு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் "ஒன்றும் தெரியாது" என்றுதான் சொல்லியிருப்பேன்.

சகோதரிகளே, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வண்டியை யார் ஓட்டினாலும் பின் சீட்டில் குழந்தையோடு உட்காருகிறவர்கள் பெரும்பாலும் நாம்தானே!

2024 நவம்பரில் பேரனுக்குப் பழனியில் மொட்டை போட்டுவிட்டுக் கோவைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மடத்துக்குளம் தாண்டும்போதே நல்ல மழை. அவர்தான் ஓட்டினார். வேகம் என்று சொல்ல முடியாது. முன்னால் போன டவுன் பஸ் சட்டென்று நின்றது. இவரும் பிரேக்கை மிதித்தார். மிதித்தார்... வண்டி நிற்கவில்லை! காலுக்கடியில் என்னவோ கடகடவென்று அதிர, வண்டி பாட்டுக்கு வழுக்கிக்கொண்டே போயிற்று. பஸ்ஸின் பின்பக்கம் கண்ணாடி முழுக்கப் பெரிதாகி வந்ததுதான் எனக்கு ஞாபகம். ஒரு முழம் இருக்கும்போது நின்றது. மருமகள் கையில் எட்டு மாதக் குழந்தை. அது முழித்துக்கொண்டு சிரித்தது. எங்களுக்குத்தான் பேச்சு வரவில்லை. (மறு வாரமே குழந்தைக்குத் தனி இருக்கை வாங்கிவிட்டோம். அந்தக் கதை இன்னொரு இதழில்.)

"ஏங்க, பிரேக்குல ஏதாவது கோளாறா?" என்று கேட்டேன். "பிரேக் நல்லாத்தான் இருக்கு. ஏ.பி.எஸ். எல்லாம் இருக்கே" என்றார். மறுநாள் டயர் கடைக்காரர் சொன்ன பிறகுதான் புரிந்தது. ஏ.பி.எஸ். என்பது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டுவிடாதபடி பார்த்துக்கொள்ளுமே தவிர, ரப்பருக்கு இல்லாத பிடிப்பை அது எங்கிருந்து கொண்டுவரும்?

கடைக்காரர் முன் டயரின் பள்ளத்தில் ஒரு சின்ன அளவுகோலை விட்டுக் காட்டினார். "ரெண்டு மில்லிமீட்டர்தானுங்கம்மா இருக்கு. புதுசுல ஏழு, எட்டு இருந்திருக்கும்." பள்ளத்துக்குள்ளே குறுக்காக ஒரு சின்ன மேடு இருக்கிறது. அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். ஆனால் மழைக்கு அதுவரை காத்திருக்கக் கூடாதாம். மூன்றுக்குக் கீழே இறங்கும்போதே ஈர ரோட்டில் வண்டி நிற்கும் தூரம் நீண்டுவிடும். குளியலறையில் தேய்ந்த ரப்பர் செருப்போடு நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரோட்டுத் தண்ணீரை வாரி வெளியே தள்ளுவதற்குத்தான் அந்தப் பள்ளங்கள். ஆழம் குறைந்தால் தண்ணீர் போக வழியில்லை, டயர் அதன் மேலேயே மிதக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுவது ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம்தானாம். நாலு டயருக்கும் சேர்த்து நாலு உள்ளங்கை. அந்த இடத்தை நம்பித்தான் குடும்பமே உட்கார்ந்து போகிறது! கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

சரி, விலைக்கு வருவோம். எங்கள் வண்டிக்கு 165/80 ஆர் 14 அளவு. (165 மில்லிமீட்டர் அகலம், அதில் 80 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், 14 அங்குலச் சக்கரம்.) அதே அளவில் மூன்று டயர்களை உருட்டிக்கொண்டு வந்து வைத்தார். ஒன்று 3,900 ரூபாய், ஒன்று 4,800, இன்னொன்று 6,300. மூன்றும் கறுப்பு, மூன்றும் வட்டம். எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

"மலிவானதிலேயே நாலும் போட்டுடலாம். 15,600-ல முடிஞ்சுடும். ஊருக்குள்ள ஓடற வண்டிதானே" என்றார் இவர். அவர் சொன்னதும் தப்பில்லை. அந்த மாதம் சீட்டுப் பணம் வேறு கட்ட வேண்டியிருந்தது. உசத்தி ரகத்தில் நாலும் என்றால் 25,200! கேட்கும்போதே தலை சுற்றியது.

நான் கடைக்காரரைக் கேட்டேன்: "கூடக் கொடுக்கற 2,400 ரூபாய்க்கு இதுல என்ன இருக்குதுங்க?"

பட்டுப் புடவைக் கடையில் கேட்கிற கேள்விதான். ஆனால் டயர் கடையில் யாரும் கேட்பதில்லை போலிருக்கிறது. மனிதர் உற்சாகமாகிவிட்டார். டயர் கறுப்பாக இருப்பது அதில் கலக்கும் கரித்தூளால். அதுதான் ரப்பருக்கு உறுதி தருகிறது. 1990-களிலிருந்து சிலிக்கா என்ற பொருளையும் கலக்க ஆரம்பித்தார்கள். நம் மணலுக்கு உறவு! ஈரத்தில் பிடிப்பும் கிடைக்கிறது, டயர் லேசாகவும் உருளுகிறது. உசத்தி ரகங்களில் இந்தக் கலவைக்கும், தண்ணீரை வெளியேற்றும் பள்ளங்களின் அமைப்புக்கும்தான் பெரும்பாலும் காசு. காய்ந்த ரோட்டில் மெதுவாகப் போகும்போது மலிவு டயருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மழையில் பிரேக் போடும்போதுதான் தெரியும்.

மலிவு என்றால் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே கம்பெனி இரண்டு ரகமும் செய்கிறது. நம் ஊர்ப் பக்கமே பாருங்களேன், அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப்., ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே. என்று எத்தனை தொழிற்சாலைகள்! இதில் எம்.ஆர்.எஃப். 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய இடம் என்று என் பையன் சொன்னபோது நான் நம்பவேயில்லை. இருக்கட்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள, பெயர் தெரிந்த கம்பெனியின் மலிவு டயரை வாங்கலாம், குற்றமில்லை. நான் வேண்டவே வேண்டாம் என்பது பழைய டயரைத்தான். 'செகண்ட்ஸ்' என்று பாதி விலைக்குக் கிடைக்கிறதே, அது யார் வண்டியில் எந்தக் குழியில் அடிபட்டதோ!

மறுபடி கணக்குப் போட்டோம். பின் டயர்கள் இரண்டிலும் இன்னும் 5 மில்லிமீட்டர் இருந்தது. முன் சக்கரம் இழுக்கும் வண்டிகளில் முன் டயர்தான் சீக்கிரம் தேயுமாம். அப்படியானால் நாலு எதற்கு? மலிவில் நாலு வாங்குகிற 15,600-க்குப் பதில் உசத்தியில் இரண்டு வாங்கினால் 12,600. மூவாயிரம் மிச்சம், சரக்கும் நல்ல சரக்கு! இவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஆனால் புது டயர் இரண்டையும் முன்னால்தான் போடுவார்கள் என்று நாங்கள் நினைத்தது தப்பு. கடைக்காரர் பழைய பின் டயர்களை முன்னுக்குக் கொண்டுவந்து, புதுசைப் பின்னால் போட்டார். முன் டயர் வழுக்கினால் வண்டி நேரே போகும். வேகத்தைக் குறைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினாலோ வண்டியே பம்பரமாகச் சுற்றிவிடும், நம்மைப் போன்றவர்களால் பிடிக்க முடியாது. ஆகவே நல்ல ஜோடி எப்போதும் பின்னால். ஒரே அச்சில் இந்தப் பக்கம் ஒரு ரகம், அந்தப் பக்கம் ஒரு ரகம் என்று மட்டும் போடக் கூடாது.

வாங்குவதற்கு முன்னால் இன்னொரு சங்கதி. பால் பாக்கெட்டில் தேதி பார்க்கிறோமே, அதே மாதிரி டயருக்கும் தேதி உண்டு! பக்கச் சுவரில் 'டாட்' என்ற ஆங்கில எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நாலு இலக்கம். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். எங்களுக்கு முதலில் எடுத்து வந்ததில் 1422 என்று இருந்தது. அதாவது 2022-ன் பதினாலாவது வாரம். "இது ரெண்டரை வருஷப் பழசாச்சுங்களே" என்றேன். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் 3624 எடுத்து வந்தார். வீட்டுக்காரரின் சிரிப்பு அன்றைக்கே நின்றிருக்க வேண்டும்!

பக்கத்து வீட்டு அம்மாளின் கார் கோயிலுக்கும் உழவர் சந்தைக்கும் போவதோடு சரி. டயரில் பள்ளமெல்லாம் புதுசு மாதிரி இருக்கிறது. ஆனால் எட்டு வருஷம் ஆகிவிட்டது, பக்கச் சுவரில் பாத வெடிப்பு மாதிரி கீறல்கள். ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயசாகும். ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனால் வருஷாவருஷம் காட்ட வேண்டும். பார்க்க நன்றாயிருந்தாலும் பத்தாவது வருஷத்தோடு மாற்றியே ஆகவேண்டும். அவருக்கு உசத்தி ரகம் 'ரொம்ப தூரம் உழைக்கும்' என்று யாராவது சொன்னால் அதற்குக் காசு கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். தேயுமுன்னே வயசாகிவிடப் போகிறதே! மலை ரோட்டிலும் மழையிலும் அடிக்கடி போகிறவர்கள் ஈரப் பிடிப்பைக் கேட்டு வாங்கட்டும்.

நான் சொன்ன விலையெல்லாம் 28 சதவீத வரி இருந்தபோது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 ஆகிவிட்டது. விசாரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறன்று, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால் காற்றுப் பார்க்கிறார். எவ்வளவு என்பது டிரைவர் கதவோரத்தில் ஒட்டியிருக்கிறது. ஸ்டெப்னியையும் மறக்க விடமாட்டேன். பள்ளத்தின் ஆழத்தை நான் பார்க்கிறேன், தீக்குச்சியை விட்டுப் பையனின் பழைய ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலில் அளந்து.

தேய்ந்த டயரில் ஒன்றைக் கடையில் விடாமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார், பேரனுக்கு ஊஞ்சல் கட்டவாம்! கொல்லையில் இரண்டு மழைக்கு அதற்குள் தண்ணீர் தேங்கி நின்றது. டெங்கு கொசுவுக்கு இதைவிடத் தொட்டில் வேண்டுமா? முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். "ஊஞ்சல் இருக்கட்டும், முதல்ல அடியில நாலு ஓட்டை போடுங்க" என்றேன். போட்டுக்கொண்டிருக்கிறார்.