பந்தில் கோடு யாருக்காக?

போன ஏப்ரல் சீசனில் நடந்த ஒரு விசயத்தில் இருந்து தொடங்குறேன். ஏப்ரலில் நுவரெலியா எப்படி இருக்கும் என்று வந்தவங்களுக்குத் தெரியும். கிரகரி வாவியைச் சுற்றி வாகனம், எங்க பார்த்தாலும் ஐஸ்கிரீம் வண்டி, அறை வாடகை கேட்டா தலை சுத்தும். என் சித்தப்பா அங்கே கோல்ஃப் கெடி. (கேடி என்று எழுதினால் ரவுடி ஆகிவிடுவார், அதனால் கெடி.) விளையாட வருபவர்களின் மட்டைப் பையைச் சுமப்பது, பந்து எங்கே விழுந்தது என்று பார்ப்பது, தரை எந்தப் பக்கம் சாயுது என்று சொல்வதுதான் வேலை. கம்பஸ் லீவில் வீட்டில் இருந்த எனக்கு அன்றைக்குக் கிடைத்த வேலை, அவருடைய பகல் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது. சாப்பாட்டுப் பார்சலோட ரோட்டோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழிக்கு இரண்டு மீற்றர்கூட இருக்காது. சித்தப்பா குந்தியிருந்து பார்த்துவிட்டு, குழியின் இடது ஓரத்தை விரலால் காட்டினார். விளையாடியவர் அடித்தார். பந்து வலப்பக்கமாகப் போய் குழியைத் தாண்டி நின்றது. அவர் திரும்பி, நீ காட்டினது பிழை என்று பக்கத்தில் நின்ற மற்ற மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். சித்தப்பா "சொரி சேர்" என்றார். அன்றைக்கு டிப்ஸ் எவ்வளவு குறைந்தது என்று அவர் வீட்டில் சொல்லவில்லை. சித்திக்கு மட்டும் தெரியும்.

ராத்திரி நான் கேட்டேன், "உண்மையிலேயே நீங்க காட்டினது பிழையா சித்தப்பா?"

"யாருக்குத் தெரியும்? பந்துல ஒரு கோடு இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அந்தக் கோட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கோல்ஃப் பந்து ரொம்பச் சின்னது. விதிப்படி விட்டம் 42.67 மி.மீ.க்குக் குறையக் கூடாது, நிறை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது. குழியின் விட்டம் 108 மி.மீ. தூரத்தில் இருந்து ஓங்கி அடிக்கிறதுதான் கோல்ஃப் என்று நாங்க ரீவியில் பார்த்து நினைக்கிறோம். ஆனால் கடைசியில் கிரீன் என்று சொல்ற, ஒட்ட வெட்டின புல்லில் பந்தைத் தட்டி உருட்டிக் குழிக்குள் விடணும். அதுதான் பட்டிங். இருநூறு மீற்றர் பறந்த அடியும் ஒன்று, அரை மீற்றர் உருண்ட தட்டும் ஒன்று. கணக்கில் இரண்டும் சமம்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. கலைப்பீடம்தான், ஆனாலும் ஓ.எல்.லில் கணிதம் பாஸ். பந்து குழியில் இருந்து 3 மீற்றர் தூரத்தில் இருக்கிறது, தரை மட்டமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்க. நீங்க அடிக்கிற திசை ஒரே ஒரு பாகை விலகினால், குழிக்கிட்டப் போகும்போது பந்து 5 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட விலகியிருக்கும். குழியின் பாதி அகலமே 5.4 சென்ரிமீற்றர்தான். ஒரு பாகை என்றால் கடிகாரத்தில் நிமிட முள் பத்துச் செக்கனில் நகர்ற அளவு. அந்தளவு பிசகினாலே பந்து விளிம்பில் தொங்கும்.

இதுக்குத்தான் கோடு. பந்தின் மேலே மார்க்கரால் ஒரு கோடு போட்டு, அடிக்கப் போற திசைக்கு அந்தக் கோட்டைத் திருப்பி வைப்பார்கள். சில பந்துகளில் கம்பனியே அச்சடித்து விடுகிறது. 2019இல் கலவே கம்பனி ட்ரிபிள் ட்ரெக் என்று மூன்று கோடு போட்ட பந்தை இறக்கியது, நடுவில் சிவப்பு, இரண்டு பக்கமும் நீலம். விமானந்தாங்கிக் கப்பலில் விமானம் இறக்குவதற்குப் பயன்படுகிற பார்வை நுட்பம் என்று விளம்பரம் வேற. மார்க்கர் பேனாவால் செய்கிற வேலைக்கு விமானந்தாங்கிக் கப்பல் எதுக்கு என்று எனக்கு விளங்கவில்லை. சித்தப்பாவிடம் ஒரு பழைய பிளாஸ்ரிக் மூடி இருக்கு. அதில் நீளமாக ஒரு துவாரம் வெட்டி வைத்திருக்கிறார். பற்றைக்குள்ளும் ஓடையிலும் பொறுக்கின பந்துகளுக்கு அதை வைத்துத்தான் கோடு போடுவார்.

கோடு போட்ட பந்தை நேராக அடித்தால், அது உருளும்போது கோடு ஒரு நிலையான பட்டி மாதிரித் தெரியும், ஆடாது. திசை தவறி அடித்தால், பந்து உருள்ற பக்கமும் கோடு பார்க்கிற பக்கமும் வேற வேற என்பதால் கோடு தள்ளாடும். (கோட்டைச் சாய்த்து வைத்தாலும் தள்ளாடும், வைக்கும்போது கவனம் வேணும்.) பந்து குழிக்குள் போனதா இல்லையா என்பது வேறு கதை. நீங்க நினைத்த திசையில் அடிச்சீங்களா என்று கோடு அந்த இடத்திலேயே காட்டிவிடும்.

என் கருத்து இதுதான்: கோட்டின் பெரிய பயன் பந்தைக் குழிக்குள் விடுவது இல்லை. தப்பு யாருடையது என்று பிரித்துக் காட்டுவதுதான். பட்டிங்கில் இரண்டு வேலை இருக்கு. தரையைப் படித்து எந்தத் திசை என்று முடிவு எடுப்பது ஒன்று, முடிவு எடுத்த திசையில் பந்தை விடுவது இன்னொன்று. முதல் வேலையில் கெடிக்குப் பங்கு இருக்கு. இரண்டாவது முழுக்க விளையாடுறவரின் கை. கோடு இல்லாத பந்து தவறும்போது இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடும். அப்படிக் குழம்பும்போது பழி எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லணுமா? டிப்ஸ் கொடுக்கிறவர் பக்கம் சாயாது.

கோட்டை எதிர்க்கிறவங்களும் இருக்காங்க. அவங்களுடைய முதல் வாதம், இது ஒரு மாதிரி ஏமாற்று. விதிப் புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. பந்தில் அடையாளம் போட்டுக்கொள்ளுங்க என்று விதியே சொல்கிறது, உங்க பந்து எது என்று தெரியணும் என்பதற்காக. கிரீனில் பந்தின் பின்னால் நாணயமோ வேறு ஏதாவது சின்னக் குறியோ வைத்துவிட்டுப் பந்தை எடுத்துத் துடைக்கலாம். திரும்ப அதே இடத்தில் வைக்கணும். எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறீங்க என்பதற்குத் தடை இல்லை. கோடு அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது. ஆனால் குறி வைக்காமல் பந்தைச் சும்மா திருப்பினால் ஒரு அடி தண்டம். திசை தெரிவதற்காக மட்டையையோ வேற பொருளையோ தரையில் வைக்கவும் கூடாது. ஆக பந்துக்கு மேலே கோடு இருக்கலாம், பந்துக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. விதி எழுதினவங்களுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்திருக்கும்.

இதைவிட எனக்கு உறுத்துவது 2019இல் வந்த இன்னொரு விதி. அதுக்கு முன்னால் கெடி பின்னால் நின்று, நேராக நிக்கிறீங்க, கொஞ்சம் இடது பக்கம் என்று சொல்லலாம். பெண்களின் எல்.பி.ஜி.ஏ. போட்டிகளில் இது சாதாரணமாக நடந்தது. 2019 ஜனவரி 1இல் இருந்து, விளையாடுறவர் அடிக்க நிலை எடுக்கத் தொடங்கிய பிறகு கெடி பின்னால் அந்த நேர்கோட்டில் நிற்கக் கூடாது. அந்த மாதமே டுபாயில் சீன வீரர் லி ஹாவ்டோங் மாட்டினார். கடைசிக் குழியில் ஒரு சின்ன பட். அவர் நிலை எடுக்கப் போகும்போது கெடி இன்னும் விலகவில்லை என்று இரண்டு அடி தண்டம். மூன்றாம் இடத்தைப் பகிர்ந்திருக்க வேண்டியவர் பன்னிரண்டாம் இடத்துக்குப் போனார். சண்டை பெரிதாகி, அடுத்த மாதமே விதிக்கு விளக்கம் கொடுத்துத் தளர்த்தினார்கள்.

குறி பார்ப்பது விளையாடுறவரின் திறமை, அதை அவரே செய்யணும் என்பது விதிக்காரர்களின் நியாயம். அது எனக்கும் சரியாகப் படுது. ஆனால் அந்த நியாயத்தை முழுசாப் பிடிக்கணும். மனுசன் பின்னால் நிற்கக் கூடாது, குறி பார்ப்பது உங்க வேலை என்றால், குறி தவறினதும் உங்க வேலைதான். அப்ப கெடியைத் திரும்பிப் பார்த்து முறைக்கக் கூடாது.

இரண்டாவது வாதம் கை உணர்வு. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் எவ்வளவு வேகமாகத் தட்டணும் என்ற உணர்வு போய்விடும் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கு. சரிவுள்ள தரையில் பந்து மெதுவாகப் போனால் அதிகம் வளையும், வேகமாகப் போனால் குறைவாக வளையும். ஒரே கோடு, இரண்டு வேகம், இரண்டு முடிவு. வேகத்தைப் பற்றிக் கோடு வாயே திறக்காது. நான் கோட்டைச் சாட்சி என்கிறேன், ஆனால் பாதி சாட்சிதான்.

இன்னொரு வில்லங்கமும் இருக்கு. பின்னால் குந்தியிருந்து பார்க்கும்போது நேராக இருந்த கோடு, எழும்பிப் போய்ப் பந்துக்கு மேலே நின்றதும் கோணலாகத் தெரியும். பந்து நகரவில்லை. கண்தான் கோட்டுக்கு நேர் மேலே இல்லை. அப்ப எதை நம்புறது? பலர் அந்த இடத்தில் கோட்டையும் நம்பாமல் கண்ணையும் நம்பாமல் இடையில் எங்கேயோ அடிப்பார்கள். திரும்பப் போய், குந்தி, கோட்டைத் திருத்தி, திரும்ப வந்து நிற்கிறவங்களும் இருக்காங்க. ஓர் அடிக்கு 40 செக்கனுக்கு மேல் எடுக்காதீங்க என்று விதிப் புத்தகம் பரிந்துரைக்குது. பின்னால் வரிசையில் காத்திருக்கிறவங்க பரிந்துரைக்கிறதை இங்கே எழுத முடியாது.

பந்தை எடுத்து வைப்பதிலும் ஆபத்து இருக்கு. 2017 ஏப்ரல், கலிபோர்னியாவில் ஏ.என்.ஏ. இன்ஸ்பிரேஷன் போட்டி. சனிக்கிழமை 17ஆவது கிரீனில் லெக்ஸி தொம்சன் ஒரு அடி அளவு தூரத்தில் இருந்த பந்துக்குக் குறி வைத்து எடுத்து, திரும்ப வைத்துத் தட்டினார். வைத்த இடம் பழைய இடத்தில் இருந்து மயிரிழை விலகியிருந்தது. ரீவி பார்த்த யாரோ ஒருவர் அடுத்த நாள் மின்னஞ்சல் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சுற்றில், முன்னிலையில் போய்க்கொண்டிருந்தவரிடம் 12ஆவது குழி முடிந்ததும் வந்து சொன்னார்கள்: பிழையான இடத்தில் இருந்து அடித்ததுக்கு 2, அதனால் பிழையான புள்ளி அட்டையில் கையெழுத்துப் போட்டதுக்கு 2, மொத்தம் 4 அடி தண்டம். அழுதுகொண்டே விளையாடி, மேலதிகக் குழி வரை வந்து, தென்கொரியாவின் யூ சோ-யொனிடம் தோற்றார். 2018இல் இருந்து ரீவி பார்க்கிறவங்களின் முறைப்பாட்டை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஒரு அடி தூரத்தில் பந்தை எடுக்கிறது எதுக்கு என்று கேட்டால் நானும் கேட்கிறேன். கோட்டுக்காக எடுக்கிறவங்களும் அந்தத் தூரத்தில் எடுக்காமலே தட்டிவிடலாம்.

கோட்டுக்கு எதிராக நான் கேட்டதிலேயே வலுவான வாதம் சித்தப்பாவுடையதுதான். மூன்று கோட்டுப் பந்தோடு வர்ற சில பேர் அவரிடம் தரையைப் பற்றிக் கேட்பதே இல்லையாம். கோடு குழியைப் பார்க்குது, போதும் என்று அடிக்கிறார்கள். "கோடு நேராத்தான் இருக்கு. தரை நேரா இருக்கணுமே?" என்பார். நுவரெலியாவில் இது பெரிய சிக்கல். பிதுருதலாகல மலை பக்கத்திலேயே நிற்பதால் கண் ஏமாறும். ஏற்றம் மாதிரித் தெரிவது இறக்கமாக இருக்கும். புதுசா வர்றவங்களுக்கு அவர் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: "மலையப் பாக்காதீங்க. மழை பேஞ்சா தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு பாருங்க." இது எந்தப் பந்திலும் அச்சடித்து வராது. பல வருசம் மழையில் நனைந்து படித்த பாடம். கூலி போடும்போது மட்டும் அது பை சுமந்த கணக்கில்தான் சேரும்.

அதனால் நான் கேட்கிறது, கோடு போடுங்க, ஆனால் கேட்டுவிட்டுப் போடுங்க. முதலில் தரையைத் தெரிஞ்ச ஆளிடம் கேட்டு, பிறகு கோட்டை அந்தத் திசைக்கு வைத்து, அடித்ததும் கோடு ஆடினதா இல்லையா என்று பார்த்துவிட்டு வாயைத் திறங்க. கோடு ஆடாமல் நேராகப் போய், வேகமும் சரியாக இருந்து, பந்து தவறினால் தாராளமாகக் கெடியிடம் சொல்லுங்க. சித்தப்பா மறுக்க மாட்டார். மாதத்தில் நாலைந்து தடவை தானும் பிழையாகப் படிப்பதாக அவரே சொல்வார்.

இவ்வளவும் எழுதுற நான் யோக்கியமா என்று கேட்டால், இல்லை. அந்த ராத்திரி அவர் ஒரு பழைய பட்டர் மட்டையையும் கோடு போட்ட பந்து ஒன்றையும் எடுத்து வந்தார். லயத்து வாசலில் சிமெந்துத் தரை. கழுவுற தண்ணி கான் பக்கம் ஓடணும் என்று சாய்வு வைத்துப் பூசினது. ஒரு தேத்தண்ணிக் கப்பைப் படுக்க வைத்து, அதுக்கு ஒரு சாண் இடப்பக்கமாகக் காட்டி, அங்கே அடி என்றார். நான் அடித்தேன். பந்து கப்பைத் தொடாமல் கானுக்குள் போனது.

"நீங்க காட்டினது கூடாது சித்தப்பா, இன்னும் இடப்பக்கம் காட்டியிருக்கணும்" என்று வாயில் வந்துவிட்டது. சித்தி வாசலில் நின்று சிரித்தார். சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் கானுக்குள் கையை விட்டுப் பந்தை எடுத்து, சாரத்தில் துடைத்து, கோட்டைத் திருப்பி வைத்தார்.

"இந்தத் தரம் கப்பப் பாக்காத. கோட்டப் பாரு."

இரண்டாவது அடியில் கோடு குடிகாரன் மாதிரித் தள்ளாடிக்கொண்டு போனது.