பெட்டியில் அச்சிட்ட பலம்

தூண்டிற்கோலிற் பொருத்தும் றீல்களுள் பெயிற்காஸ்ரரே வலியது, ஸ்பின்னிங் மெலியது என வாதிப்போர் பலர். அவர்கள் காட்டும் சான்று பெட்டியில் அச்சிட்ட இறாத்தற் கணக்கு. நூலை இழுத்தோடும் மீனுக்கு றீல் கொடுக்கும் தடையின் உச்ச அளவு அது. அதனால் ஆவதென்ன? 12 இறாத்தலில் அறும் நூலுக்குத் தடையை 3 அல்லது 4 இறாத்தலில் வைப்பதே வழக்கம். 1913இல் கலிபோர்ணியாவின் கற்றலினாத் தீவருகே வில்லியம் பொஷன் 355 இறாத்தல் வாள்மீனைக் கோலாற் பிடித்தார். அவருடைய றீலின் தடை அந்நிறையை நெருங்கியதில்லை. மீன் ஓடும்போது கைப்பிடி சுழலாமல் நூலை விட்டது, அவ்வளவே.

பெயிற்காஸ்ரரிற் சுருளே சுழன்று நூலை நேரே விடும். ஸ்பின்னிங்கிலோ நூல் சிற்றுருளையொன்றில் மடிந்து திரும்பும்; அங்கே உராய்வு மிகும் என்பது மெய்யே. (தடை வழுக்கும்போது கைப்பிடியைச் சுற்றினால் நூல் முறுக்கேறுவதும் அதற்கே உரிய தொல்லை.) ஆயினும் அகன்ற தடைத்தட்டுகள் கொண்ட பெரிய ஸ்பின்னிங் றீல், சிறு பெயிற்காஸ்ரரை எளிதில் விஞ்சும்.

என் மதிப்பில் முதன்மையானது, தடை விக்கலின்றி இளகுதலே. மீன் பாயும் முதற்கணத்தில் தட்டுகள் ஒட்டிநின்று பின் திடீரென வழுக்குமாயின் நூல் அப்போதே அறும். றீல் வாங்குவோர் நூல்நுனியை விற்றராசிற் கட்டி ஒரே சீராக இழுத்துப் பார்க்கட்டும்; முள் துள்ளாதாயின் எவ்வகையையும் வாங்கலாம்.