உயிலும் உறவினர் வழக்கும்

1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆவது பிரிவைப் பார்லிமெண்டு 2025-ஆம் வருஷம் டிஸம்பர் மாதத்தில் நீக்கிவிட்டது. அதுமுதல் நமது நண்பர்கள் பலர், உயிலின் மூலம் சொத்தை அடைய வேண்டியவர்களுக்கு இருந்த கஷ்டமெல்லாம் தொலைந்ததென்று சந்தோஷப்பட்டு வருகிறார்கள். பிரிவு நீங்கியதில் நமக்கும் சந்தோஷமே. ஆனால் அவர்கள் நினைக்கும் கஷ்டம் அந்தப் பிரிவில் இருந்ததன்று. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நீங்கியது இன்னதென்று முதலில் சொல்லுவோம். சென்னை, பம்பாய் ஹைக்கோர்ட்டுகளின் அசல் அதிகார எல்லைக்குள்ளும், 1870-இல் வங்காள லெப்டினெண்ட் கவர்னரின் ஆட்சியிலிருந்த பிரதேசங்களிலும் ஒரு ஹிந்து எழுதிய உயிலை, அல்லது அவ்விடங்களிலுள்ள ஸ்தாவர சொத்தைப் பற்றி அவர் எங்கிருந்து எழுதிய உயிலையும், கோர்ட்டில் ‘பிரோபேட்’ என்னும் அத்தாட்சி பெற்ற பிறகே உரிமைக்கு ஆதாரமாகக் காட்டலாம் என்று விதி இருந்தது. மயிலாப்பூர் வீட்டை அடைகிற மகள் பிரோபேட் வாங்க வேண்டும். காஞ்சீபுரத்தில் எழுதிய உயிலால் காஞ்சீபுரத்து வீட்டை அடைகிறவளுக்கு அது வேண்டுவதில்லை. மயிலாப்பூரிலேயே அடுத்த வீட்டு முஸ்லிமுக்கு வேண்டுவதில்லை. 2002-ஆம் வருஷத்துத் திருத்தத்திற்குப் பின் இந்தியக் கிறிஸ்தவருக்கும் வேண்டுவதில்லை. அன்னிய அரசாங்கத்தார் 1870-ஆம் வருஷத்து ஹிந்து உயில் சட்டத்தில் இழுத்த கோடு இது. சுயராஜ்யம் வந்து 78 வருஷங்கள் சென்ற பின்புதான் அதை அழிக்க நமக்குக் கை வந்தது.

இனி எஞ்சியிருப்பதைப் பார்ப்போம். தாயாதியோ மகனோ ஆட்சேபித்தால், உயில் உண்மையானதென்று ருசுப்படுத்தும் பாரம் அதைக் கொண்டுவருபவர் மேல்தான் விழுகிறது. உயில் எழுதியவர் கையெழுத்திட்டதை அறிந்த இரண்டு சாட்சிகளாவது அவர் முன்னிலையில் கையொப்பமிட்டிருக்க வேண்டும். அவர்களில் ஒருவரேனும் உயிரோடிருந்து, கோர்ட்டுக்கு வரக்கூடியவராகவும் இருந்தால், அவரைக் கூண்டிலேற்றியே தீரவேண்டும். 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் சொன்னது இது. 2024-ஆம் வருஷம் ஜூலை முதல் அமுலிலுள்ள புதிய சட்டமும் இதையே சொல்லுகிறது. உயிலை ரிஜிஸ்தர் செய்துவிட்டோமே என்று நம்பியிருப்பவர்கள் அநேகர். மற்றத் தஸ்தாவேஜுகளுக்கு உள்ள சலுகை ரிஜிஸ்தரான உயிலுக்குக் கிடையாது. சாட்சிகள் இருவரும் இறந்துபோயிருந்தால், ஒரு சாட்சியின் கையெழுத்தையும் உயில் எழுதியவரின் கையெழுத்தையும் அறிந்தவர்களைக் கொண்டு நிரூபிக்க வேண்டும். எழுபது வயதுக் கிழவர் உயில் எழுதும்போது, தம்மொத்த கிழவர்கள் இருவரையே அழைத்துச் சாட்சி போடச் சொல்லும் வழக்கத்தை நாம் எத்தனையோ குடும்பங்களில் கண்டிருக்கிறோம். மரியாதையை உத்தேசித்தால் அது சரி. ருசுவை உத்தேசித்தால் பெரும் பிசகு.

சந்தேகங்களைப் பற்றிய நியாயத்தை, மைசூரிலிருந்து வந்த வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி ஸ்ரீ கஜேந்திரகட்கர் 1958-இல் விரிவாக எடுத்துரைத்தார். இன்றளவும் கீழ்க்கோர்ட்டுகள் அதையே பின்பற்றுகின்றன. கையெழுத்து நடுங்கியிருத்தல், எழுதியவரின் புத்தி தளர்ந்திருத்தல், பெரும்பங்கு பெறுகிறவரே முன்னின்று உயிலை எழுதுவித்தல் இவை போன்ற சந்தேகங்களிருந்தால், அவற்றைப் போக்கிக் கோர்ட்டின் மனச்சாட்சியைத் திருப்தி செய்வது உயிலைக் கொண்டுவருபவரின் கடமை. மோசடி, பலவந்தம் என்று எதிரி குற்றஞ் சாட்டினாலோ, அதை அவர்தாம் ருசுப்படுத்த வேண்டும். ஆகையால் பாத்தியஸ்தர்களுக்கு நாம் கூறுவது ஒன்றுண்டு. உயில் எழுதும் நாளில் அவ்வீட்டில் இராதீர்கள். வக்கீலை நீங்கள் அழைத்து வராதீர்கள்.

“பெற்ற மகன் இருக்க, மருமகளுக்கு எழுதுவாரோ?” என்பது எல்லா வழக்கிலும் எழுகிற கூச்சல். இதனால் மட்டும் உயில் தோற்காது. வாரிசுக்கிரமப்படியே சொத்துப் போகவேண்டுமென்றால் ஒருவர் உயில் எழுதுவானேன்? கல்கத்தா பிரஸன்ன குமார டாகூர், கிறிஸ்தவரான தம் மகனுக்கு ஒன்றும் வையாமல் உயில் எழுதிய வழக்கில், மகனை விலக்கத் தகப்பனுக்குள்ள அதிகாரத்தைப் பிரிவி கௌன்ஸில் 1872-இல் ஒப்புக்கொண்டது. எனினும் பிறவாத சந்ததிக்கெல்லாம் அவர் எழுதிவைத்தது செல்லாமற் போயிற்று; முதற் பாத்தியஸ்தருக்கு ஆயுள் பாத்தியம் மட்டும் நின்று, அதற்குப் பிற்பட்ட உரிமை விலக்கப்பட்ட மகனையே சேர்ந்தது. சட்டமறிந்த டாகூரின் உயிலுக்கே இந்தக் கதி.

“சொத்து பிதுரார்ஜிதம்” என்பது மற்றோர் ஆட்சேபம். பிரோபேட் விசாரணையில் இதற்கு இடமில்லை. அங்கே உயில் மெய்யா என்பது மட்டுமே கேள்வி; சொத்து யாருடையதென்பது வேறு வழக்கு. தவிர, கூட்டுக் குடும்பச் சொத்தில் தமக்குள்ள பங்கை ஒரு ஹிந்து உயில் மூலம் கொடுக்கலாமென்று 1956-ஆம் வருஷத்துச் சட்டம் அனுமதித்திருக்கிறது.

ஆனால் உறவினரின் கையிலுள்ள பெரிய ஆயுதம் சட்டமன்று, காலதாமதமே. பிர்லா குடும்பத்து வழக்கை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீமதி பிரியம்வதா பிர்லா தமது சொத்தை ஆடிட்டர் ஸ்ரீ ஆர். எஸ். லோதாவுக்கு 1999-இல் உயில் எழுதி, 2004-இல் காலமானார். பிர்லா குடும்பத்தார் ஆட்சேபித்தனர். ஆட்சேபிக்க எவருக்குப் பாத்தியம் என்ற முதற் கேள்வி மட்டும் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று 2008-இல் முடிவாயிற்று. உயில் தோற்றால் சொத்தில் பங்கு பெறக்கூடியவர்தாம் ஆட்சேபிக்கலாம், வெறும் உறவு போதாது என்பது தீர்ப்பு. நல்ல தீர்ப்பு. ஆனால் லோதா அவ்வருஷமே காலமாகிவிட்டார்! கோடீசுவரர்களின் பிள்ளைகள் வழக்கைத் தொடர்ந்து நடத்துவார்கள். மாமனாருக்குப் பத்து வருஷம் பணிவிடை செய்து, அவர் எழுதிக் கொடுத்த ஒற்றை வீட்டை நம்பியிருக்கும் விதவை என்ன செய்வாள்? மைத்துனர்கள் வாடகைக்காரரை மிரட்டி வாடகையை நிறுத்தினால், அவளுக்கு வக்கீல் பீஸுக்கும் வழியில்லை. ராஜியாகி அரை வீட்டோடு போகிறாள்.

அவளுக்குள்ள பரிகாரங்கள் சில. உயிலின் உண்மையைப் பற்றி வழக்கு நடக்கும்போது, சொத்தைப் பராமரிக்கத் தாற்காலிக நிர்வாகியை நியமிக்கும்படி கேட்கலாம். வியாதியஸ்தரான சாட்சியைக் கமிஷன் மூலம் வீட்டிலேயே விசாரிக்கச் செய்யலாம். 213-ஆவது பிரிவு போனாலும், நிறைவேற்றுகர் விரும்பினால் பிரோபேட் பெறத் தடையில்லை. வம்பு வருமென்று தெரிந்த குடும்பங்களில் அதைப் பெறுவதே விவேகம். பெற்றுவிட்டால், ரத்தாகும் வரை அது எல்லோரையும் கட்டுப்படுத்தும்.

இவ்வளவு சங்கடத்திற்கும் மூலம், முக்கிய சாட்சியான உயில் எழுதியவர் விசாரணைக்கு இல்லாமையே. அவர் உயிரோடிருக்கும்போதே கோர்ட்டில் ஆஜராகி, வாரிசுகளுக்கு நோட்டீஸ் கொடுத்து, உயிலை ஊர்ஜிதப்படுத்திக்கொள்ளும் ஏற்பாட்டை அமெரிக்காவில் வடக்கு டகோடா ராஜ்யம் 1977-லும், ஒஹையோ, ஆர்க்கன்ஸா ராஜ்யங்கள் 1979-லும் செய்திருக்கின்றன. இங்கும் அதைச் செய்தாலென்ன? தகப்பன் கண்ணெதிரே குடும்பச் சண்டை மூளும் என்று சிலர் அஞ்சலாம். இது விரும்பியவருக்கு மட்டுமே. சண்டைக்கு அஞ்சுகிறவர் பழைய முறைப்படியே எழுதி வைத்துப் போகட்டும். தமிழ்நாட்டிலிருந்து பார்லிமெண்டுக்குச் சென்றுள்ள அங்கத்தினர்களில் வக்கீல்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இதற்கென ஒரு தனி அங்கத்தினர் மசோதாவைக் கொண்டுவர வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.