எண் இழந்த சர்வர்கள்
சர்வர் கணக்கெடுப்பில் சீரியல் எண் கட்டம் காலியாக வந்தால், கணக்கெடுத்த மென்பொருள்மீதுதான் முதலில் பழி விழுகிறது. ஆனால் கோளாறு பெரும்பாலும் அதற்கும் கீழே இருக்கிறது. ஹைப்பர்வைசர் ஈஎஸ்எக்ஸ்ஐ ஆனாலும் கேவிஎம் ஆனாலும், மதர்போர்டில் பதிந்துள்ள எஸ்எம்பயாஸ் அட்டவணையைப் படித்துத்தான் ஹோஸ்ட் தன் எண்ணைச் சொல்கிறது. பழுதான போர்டை மாற்றியவர் பழைய எண்ணைப் புதியதில் ஏற்ற மறந்தால், அந்த இடம் வெறுமையாகவோ, 'டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்.' என்ற தொழிற்சாலை வாசகத்தோடோ நிற்கும். பிளேடு சர்வரிலோ பிளேடுக்கு ஓர் எண், அதைத் தாங்கும் சேஸிக்கு வேறோர் எண். எதை எடுத்தோம் என்று பார்க்க வேண்டும். எனவே ஹோஸ்டிலேயே நேராகக் கேளுங்கள். லினக்ஸில் டிஎம்ஐடிகோட் கட்டளை போதும். ஆனால் ரூட் உரிமையோடு இயக்க வேண்டும். அங்கும் எண் இல்லையென்றால், ரேக்குக்குப் போய்ப் பெட்டியில் ஒட்டிய லேபிளைப் படியுங்கள். தயாரிப்பாளர் தரும் கருவியால் அந்த எண்ணைப் போர்டில் ஏற்றுங்கள். எக்செல்லில் கையால் நிரப்பிவிட்டு நகர்வது தீர்வாகாது. அடுத்த கணக்கெடுப்பில் அதே கட்டம் மறுபடியும் காலியாகவே வரும். நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்டால், வாரண்டிக்கு அழைத்ததும் மறுமுனையில் கேட்கும் முதல் கேள்வி அந்த எண்தான். அதைத் தேடும் நேரம் அதுவல்ல.