வீசகணிதமும் வீட்டுமொழியும்

"தமிழ் பண்பாட்டுக்கு, ஆங்கிலம் கணிதத்துக்கு" எனச் சிட்னிவாழ் பெற்றோர் சிலர் கருதுகின்றனர். நாம் இதற்கு உடன்படோம். வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற கறோல் விசுவநாதபிள்ளை 1855இலேயே வீசகணித நூலைத் தமிழில் வெளியிட்டார்.

மாணவச் செல்வங்களே! (அ+3)² என்பதை அ²+9 என எழுதுவோர் பலர். அ=2 எனக் கொள்க; முன்னது 25, பின்னது 13. வேறுபாடு ஏன்? (அ+3)² என்பது (அ+3)(அ+3) ஆகும். பங்கீட்டு விதிப்படி, ஓர் அடைப்பின் ஒவ்வோர் உறுப்பும் மற்றையதன் ஒவ்வோர் உறுப்பையும் பெருக்கவேண்டும். அ×3, 3×அ இரண்டும் விடுபட்டன. பரிமாற்று விதிப்படி அவை சமன்; கூட்டினால் 6அ. சரியான விடை அ²+6அ+9.

பெற்றோரே! பிள்ளைகள் பாடசாலையில் ஆங்கிலத்தில் விடை எழுதட்டும். 'ஏன்' என்பதை வீட்டில் உங்களிடம் தமிழில் வினவட்டும். சிந்திக்கப் பயன்படாத மொழி விழாமேடையோடு நின்றுவிடும்.