தோல் வழியே மருந்து: ஊசி ஒழியுமா?

மாத்திரை சிலருக்கு வயிற்றைப் புண்ணாக்குகிறது. ஊசியோ வலிக்கிறது. தடவினாலே மருந்து உள்ளே போய்விட்டால் எவ்வளவு நல்லது! அந்த ஆசை நிறைவேறுமா?

தோல் ஒரு கோட்டை. அதன் வெளிப்படலம் மிக மெல்லியது, ஆனால் உறுதியானது. செத்துப்போன செல்கள்தான் அங்கே செங்கல். கொழுப்புதான் சாந்து. பெரும்பாலான மருந்துகள் இந்தச் சுவரைத் தாண்டுவதில்லை.

கொழுப்புக் குமிழி

கொழுப்போடு கொழுப்பு எளிதில் சேரும். விஞ்ஞானிகள் பிடித்த வழி இதுதான். 1960-களில் இங்கிலாந்தைச் சேர்ந்த அலெக் பாங்காம் ஓர் அதிசயத்தைக் கண்டார். ஒருவகைக் கொழுப்பைத் தண்ணீரில் கலந்தால், அது தானாகவே நுண்ணிய குமிழிகளாகிவிடுகிறது! கண்ணுக்குத் தெரியாத அந்தக் குமிழிக்குள் மருந்தை ஏற்றி அனுப்பலாம். இதையே இன்று "நானோ" மருந்து என்கிறார்கள்.

1988-ல் சுவிட்சர்லாந்தில், தோலில் வரும் பூஞ்சை நோய்க்கு இத்தகைய களிம்பு விற்பனைக்கு வந்தது.

இன்சுலின் களிம்பு உண்டா?

பெரும்பாலான குமிழிகள் மேல்தோலிலேயே கலைந்து, மருந்தை அங்கேயே விட்டுவிடுகின்றன. தோல் நோய்க்கு அது நல்லதே. ஆனால் நீரிழிவுக்கு மருந்து ரத்தத்தில் சேர வேண்டும். இன்சுலினோ பெரிய மூலக்கூறு. தோலைத் துளைப்பது கடினம். ஆராய்ச்சி நடக்கிறது. ஊசிக்குப் பதிலான களிம்பு இன்னும் கடைக்கு வரவில்லை.

ஆகவே விளம்பரத்தை நம்பி இன்சுலின் ஊசியை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. டப்பாவின் மேல் "நானோ" என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் மருந்து என்ன, அது எதுவரை போகும் என்று டாக்டரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது.